டிசம்பர் மாரத்தானும் நன்கொடைத் தாடியும்: எதை எப்போது தொடங்குவது?

ஈசூன்வாசி (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் டிசம்பர் முதல் வாரம் நடக்கும் மாரத்தானில் முழுத் தூரத்துக்கே பதிந்துவிட்டேன். 42.195 கிலோமீட்டர், முதல் தடவை. கூடவே ஒரு புற்றுநோய் அறநிறுவனத்துக்கு 3,000 வெள்ளி (டாலர்) திரட்ட எண்ணம். அதற்காகத் தாடி வளர்ப்பதாகவும், ஓட்டம் முடிந்த பிறகு எடுப்பதாகவும் அலுவலகத்தில் சொல்லியாகிவிட்டது.

வயது 38. இப்போது வாரத்துக்கு 30 கிலோமீட்டர், அதில் ஞாயிறு மட்டும் 12. அரை மாரத்தான் 2 மணி 20 நிமிடம். இன்னும் 18 வாரம் இருக்கிறது. முடி சுருட்டை, மழித்தாலே கழுத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வரும் தோல்.

நவம்பர் மாதம் முடி வளர்த்து நன்கொடை திரட்டும் மூவெம்பர் வழக்கப்படி நவம்பர் 1 அன்று முழுச் சவரத்தோடு தாடியைத் தொடங்கலாமா? நீண்ட ஓட்டங்களை எப்படிக் கூட்டுவது? இந்தப் புழுக்கத்தில் தாடியோடு ஓடினால் உடம்பு சூடாகுமா? பணத்தை எந்த வழியில் வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்கோஸ்ட்_5மணி

நவம்பர் 1 வேண்டாம் தம்பி. பிளேடு முடியைச் சாய்வாக அறுக்கிறது, முனை ஊசி மாதிரி நிற்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து ஏறக்குறைய இருபதாம் நாள்வரை குத்துவதும் அரிப்பதும் அந்த முனைகள்தான். தாடி நாளொன்றுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். ஏழெட்டு மில்லிமீட்டர் ஆனதும் வளைந்து படுத்துவிடும், அரிப்பும் அடங்கிவிடும். நவம்பர் 1 என்றால் அரிப்புக் காலம் 6ஆம் தேதியிலிருந்து 21 வரை. உங்கள் மிக நீண்ட ஓட்டமும் அதே நாள்களில்தான் வந்து விழும். நான்கு மணி நேரம் உப்பு வியர்வை ஊறுகிற முகத்தில் ஊசிமுனைத் தாடி எதற்கு?

ஆகவே தாடியைச் செப்டம்பர் 20 வாக்கில் தொடங்குங்கள், ஓட்டத்துக்கு 11 வாரம் முன்னால். ஏன் அந்தத் தேதி என்று கீழே உள்ள ஞாயிறு ஓட்டங்களைப் பார்த்தால் புரியும்.

முதல் நான்கு வாரம் 12, 14, 16, 12. அடுத்த நான்கு 18, 20, 22, 16. பிறகு 22, 24, 26, 18. பதின்மூன்றாம் வாரம் 28, பிறகு 22, பதினைந்தாம் வாரம் 30. அதோடு உச்சம் முடிந்தது. பதினாறில் 20, பதினேழில் 12, பதினெட்டில் மாரத்தான். செப்டம்பர் 20க்குப் பிறகு வருவது 16, அடுத்தது 22. அரிப்பு இந்த இரண்டு லேசான வாரங்களில் கழிந்துவிடும்.

வார நாள்களில் மூன்று ஓட்டம் போதும்: செவ்வாய் 8, வியாழன் 8 முதல் 12, சனி 5 அல்லது 6. வியாழன் ஓட்டத்தின் நடுவில் மட்டும் 4 முதல் 8 கிலோமீட்டரை மாரத்தான் வேகத்தில் ஓடுங்கள். மற்றதெல்லாம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். பேச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

அரை மாரத்தான் 2:20 என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 38 விநாடி. இங்கே முழுத் தூரத்துக்கு 7:15 வைத்துக்கொள்ளுங்கள், 5 மணி 6 நிமிடம் வரும். ஞாயிறு ஓட்டத்துக்கு 7:45 போதும். அந்த வேகத்தில் 30 கிலோமீட்டருக்கு 3 மணி 52 நிமிடம் பிடிக்கும். நான்கு மணி நேரம் தொட்டுவிட்டால் கடிகாரம் 28 காட்டினாலும் நின்றுவிடுங்கள். குளிர்நாட்டு அட்டவணையில் 35 என்று போட்டிருப்பார்கள். இந்த ஈரப்பதத்தில் கடைசி ஐந்து கிலோமீட்டர் பயிற்சியாக இருக்காது, அடுத்த வாரத்தைத் தின்றுவிடும்.

இடம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா சமதளம், சுமார் 15 கிலோமீட்டர், வழியில் தண்ணீர்க் குழாய் உண்டு. 28, 30 எல்லாம் அங்கே. ரயில் பாதைப் பசுமைவழி 24 கிலோமீட்டர். நிழல் உண்டு, மழை பெய்த மறுநாள் சில இடம் சேறு. மெக்ரிட்சி நீர்த்தேக்கச் சுற்று 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், வேரும் கல்லும் நிறைந்தது. கணுக்காலுக்கும் தொடைக்கும் நல்லது, ஆனால் வேகப் பயிற்சிக்கு ஆகாது. அங்கே ஜெல் (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைப் பசை), வாழைப்பழம் எதையும் பிளாஸ்டிக் பையில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். குரங்குக்கும் மாவுச்சத்து தேவைப்படும்.

வெயில். இங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் விடியும், ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் இருட்டில் கிடைக்கும். ஆனால் அதிகாலையில்தான் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை காயாமல் சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கிலோமீட்டருக்கு 20, 30 விநாடி கூடுவது உங்கள் சோம்பல் இல்லை, காற்று செய்கிற வேலை. மாலையில் ஓடுவதாக இருந்தால் மைஎன்வி (அரசின் வானிலைச்) செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். வெயில், ஈரம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட அளவு அது. வழக்கமான வெப்பநிலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘அதிகம்’ என்றால் அன்றைக்கு ஓட்டத்தை விடுங்கள்.

தாடி உடம்பைச் சூடாக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உடல் சூட்டைத் தீர்மானிப்பது வேகமும் காற்றின் ஈரமும். முகம் மொத்தத் தோலில் சிறு பங்கு. ஆனால் சூடு என்கிற *உணர்வு* முகத்தில்தான் அதிகம், அதனால் தாடி வைத்தவருக்குப் புழுக்கம் கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் ஒரு குவளை குடிக்க, ஒரு குவளை பிடரிக்கும் தாடிக்கும்.

எவ்வளவு குடிப்பது என்பதை ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். ஓடும் முன் உடையில்லாமல் எடை. சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். துவட்டிவிட்டு (தாடியையும் சேர்த்து) மறுபடி எடை. 70.0 கிலோ 68.9 ஆகி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், மணிக்கு 1.6 லிட்டர் வியர்வை. அவ்வளவையும் திரும்பக் குடிக்க வயிறு இடம் கொடுக்காது. மணிக்கு 600 முதல் 800 மில்லி, சிறு சிறு வாயாக. ஓடி முடித்த பின் எடை *கூடியிருந்தால்* அது ஆபத்தான பக்கம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவதால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்தில் ஐசோடானிக் (உப்பும் சர்க்கரையும் கலந்த) பானமோ உப்புக் கரைசலோ மாற்றி மாற்றிக் குடியுங்கள்.

மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். முதல் ஜெல் 40ஆவது நிமிடத்தில், பிறகு அரை மணிக்கு ஒன்று. பசித்த பிறகு எடுத்தால் தாமதம். காலையில் இட்லியும் சர்க்கரையும் பேஷ். சாம்பாரும் சட்னியும் ஓட்டம் முடிந்த பிறகு. காரமும் பருப்பும் 25ஆவது கிலோமீட்டரில் கழிவறை வரிசையில் நிறுத்திவிடும். சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் விடுங்கள்.

ஒன்றை மட்டும் கூட ஓடுபவருக்கும் சொல்லி வையுங்கள். பேச்சு குழறினால், தடுமாறினால், திசை தெரியாமல் நின்றால் அது களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, கிடைக்கிற குளிர்நீர் எல்லாம் ஊற்றி, விசிறி, 995 (ஆம்புலன்ஸ்) அழைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகு வண்டி.

தேக்கா_கத்தரி

அண்ணன் சொன்ன தேதி சரி. ஆனால் 11 வாரம் கத்தரியே படாமல் விட்டால் ஓட்டத்தன்று இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தொங்கும். நன்கொடை கொடுப்பவர் பார்ப்பது முன்பக்கத்தை. புழுங்குவதும் உரசுவதும் தாடைக்கு அடியில். ஆகவே முன்னால் வளரட்டும், அடியில் குறையட்டும்.

முதல் மூன்று வாரம் கன்னத்தைத் தொடாதீர்கள். எங்கே அடர்த்தி, எங்கே ஓட்டை என்று தெரியாமல் வெட்டினால் பிறகு சரிசெய்ய முடியாது. கழுத்துக் கோட்டை மட்டும் பத்தாம் நாளில் எடுக்கலாம். குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் வைத்து, அங்கிருந்து இரண்டு காதுக்கும் பின்னால் வளைவாகப் போகட்டும். அதற்குக் கீழே உள்ளதை ரேசர் போட்டு மழிக்காதீர்கள். உங்களுக்குச் சுருட்டை முடி. ஒட்ட மழித்த முடி வளையும்போது திரும்பித் தோலுக்குள்ளேயே நுழையும். நீங்கள் சொல்கிற கட்டிகள் அதனால்தான். ட்ரிம்மரை சீப்பு இல்லாமல், தோலில் அழுத்தாமல், முடி சாய்கிற திசையில் ஓட்டினால் ஒரு மில்லிமீட்டர் நிற்கும். அது உள்ளே திரும்பாது.

நான்காம் வாரத்திலிருந்து தாடைக்கு அடியில் 2ஆம் எண் சீப்பு (6 மில்லிமீட்டர்), கன்னத்தில் 4ஆம் எண் (13 மில்லிமீட்டர்), மோவாயில் ஒன்றும் வேண்டாம். பத்து நாளுக்கு ஒருமுறை போதும். உலர்ந்த முடியில்தான் வெட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது சுருட்டை நீண்டு காட்டும், காய்ந்ததும் அரை சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும்.

மேலுதட்டு மீசை முடியை உதட்டு விளிம்போடு நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு குவளையும் மீசை வழியாக வடிகட்டித்தான் வாய்க்கு வரும். ஜெல்லைக் கிழித்து, பொட்டலத்தின் வாயைப் பல்லுக்குள் வைத்து அமுக்கி இழுங்கள். வெளியே பிதுங்கினால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து காய்ந்து, பசை போட்ட மாதிரி ஆகிவிடும். 30ஆவது கிலோமீட்டரில் வாயைத் திறக்கும்போதெல்லாம் முடி இழுக்கும். மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொண்டால் துடைக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம்மவர்கள் தவறு செய்வார்கள். ஓட்டத்துக்கு முன் தாடிக்கு எண்ணெய் கூடாது, தேங்காய் எண்ணெய் எப்போதுமே கூடாது. பொடுகை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் செழிக்கும், இந்த ஊர் ஈரம் அதற்கு விருந்து. ஓடி வந்தவுடன் வெறும் தண்ணீரில் உப்பு போகக் கழுவி, ஒற்றித் துடைத்து, முழுக்கக் காயவைத்த பிறகு லேசான தாடி எண்ணெய் மூன்று நான்கு சொட்டு, விரல்நுனியால் தோலில். முடியில் பளபளப்பு வருவதற்காக அல்ல. சீயக்காய் தாடித் தோலை வறட்டிவிடும், அதுவும் வேண்டாம்.

வெள்ளைச் செதிலும் சிவப்பும் வந்தால் கீட்டோகோனசோல் 2 விழுக்காடு ஷாம்பு, வாரம் இருமுறை. தோலில் படத் தேய்த்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவணும். உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது. சீழ் வைத்தாலோ, வட்டமாக முடி கொட்டினாலோ மருத்துவரிடம் போங்கள். அதற்கு முன் ஸ்டீராய்டு களிம்பு எதையும் கைவசம் இருக்கிறதே என்று பூசாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் பரவிவிடும்.

வெயில் களிம்பு வெள்ளையாகத் திட்டுத் திட்டாக முடியில் நிற்கும். ஜெல் வகை வாங்குங்கள்.

கணக்கு_அக்கா

பணம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

உங்கள் சொந்த பேநவ் (கைத்தொலைபேசிவழிப் பணப் பரிமாற்ற) எண்ணுக்கு வாங்கிப் பிறகு மொத்தமாகக் கட்டலாம் என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் நன்கொடை உங்கள் பெயரில் பதிவாகும், கொடுத்தவர்களுக்கு வரிக்கழிவு கிடைக்காது. கிவிங்.எஸ்ஜி நன்கொடைத் தளத்தில் அந்த அறநிறுவனத்துக்காக உங்கள் பெயரில் ஒரு திரட்டுப் பக்கம் திறங்கள். பணம் நேராக அவர்களுக்குப் போகும். தொடங்கும் முன் அறநிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ஐபிசி தகுதி (வரிக்கழிவு ரசீது கொடுக்கும் உரிமை) உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் 250 விழுக்காடு வரிக்கழிவு. அதாவது 100 வெள்ளி கொடுத்தவருடைய வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும். 7 விழுக்காட்டு வரம்பில் இருப்பவருக்கு 17 வெள்ளி 50 காசு மிச்சம், 11.5 வரம்பில் 28 வெள்ளி 75 காசு. நூறு வெள்ளியே திரும்ப வரும் என்று சிலர் சொல்லித் திரிவார்கள், அது தவறு. கொடுக்கும்போது அடையாள அட்டை எண்ணைப் போட்டால் வருவாய் ஆணையத்துக்குத் தானாகப் போய்விடும். எண் போடாதவருக்குக் கழிவு இல்லை. இதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மூவெம்பர் என்று சொன்னீர்கள். அது 2003இல் மெல்பர்னில் தொடங்கியது, ஆண்களின் உடல்நலத்துக்காக, *மீசை* வளர்ப்பது. நீங்கள் செய்வது தாடி, காரணமும் வேறு. அந்தப் பெயரைப் போட்டுக் குழப்ப வேண்டாம். வெளிநாட்டு நோக்கத்துக்குப் பொதுமக்களிடம் திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் தனி அனுமதி வேண்டும், வரிக்கழிவும் வராது. உண்டியல் எடுத்துக்கொண்டு காப்பிக்கடையில் சுற்றுவதற்கும் தனி அனுமதி வேண்டும். குலுக்கல், லாட்டரிக்கு வேறு சட்டம். மூன்றையும் தவிருங்கள்.

3,000 எப்படி வரும்? முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள், சுழியத்தில் நிற்கும் பக்கத்தில் யாரும் முதல் ஆளாக இறங்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகத் தட்டிவிடுவதற்கு முன், பத்துப் பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி என்றால் 42 வெள்ளி. அது கேட்கவும் கொடுக்கவும் எளிதான தொகை. 42 கொடுக்க எழுபது பேர் கிடைத்தால் 2,940.

தாடியின் பயன் படத்தில்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஓடி முடித்ததும் ஒரே இடம், ஒரே தூரம், ஒரே பக்கம் பார்த்து ஒரு படம். மொழுக்கென்ற முகத்தோடு முதல் படத்தை மறக்காதீர்கள், அதைத் திரும்ப எடுக்க முடியாது. 30 கிலோமீட்டர் முடிந்த அன்றும் ஓட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமையும் மறுபடி கேளுங்கள். கடைசியில் ஒரு வாக்கெடுப்பு: முழுச் சவரமா, கட்டபொம்மன் மீசையா, கன்னக் கிருதாவா, 10 வெள்ளிக்கு ஒரு ஓட்டு. குளிரூட்டிய அலுவலகத்தில் எல்லாரும் கட்டபொம்மனுக்கே போடுவார்கள், தயாராக இருங்கள்.

இன்னொன்று. கார்த்திகை பிறந்துவிட்டால் நம்மவர் எல்லாரும் “மாலை போட்டிருக்கீங்களா?” என்பார்கள். அதற்கு முன்பே என்றால் “வீட்டில் விசேஷமா?” என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில், கைத்தொலைபேசியில் கியூஆர் குறியைக் காட்டுவது.

ஈசூன்வாசி

எல்லாருக்கும் நன்றி. செப்டம்பர் 20 என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் மூன்று சிக்கல். அக்டோபர் நடுவில் ரிசர்வ் முகாம் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சி) அழைப்பு வரலாம். தீபாவளிக்குத் தாடியோடு நிற்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பு. புகைமூட்டம் வந்தால் என்95 போட்டுக்கொண்டு ஓடலாமா?

ஈஸ்ட்கோஸ்ட்_5மணி

என்95 போட்டு ஓடாதீர்கள். மூச்சு முட்டும், தாடி இருந்தால் விளிம்பு தோலில் ஒட்டவும் ஒட்டாது; இடுக்கு வழியாகப் புகை நேரே உள்ளே போகும். புகைக் குறியீடு 100ஐத் தாண்டினால் உடற்பயிற்சிக் கூடத்து ஓட்டப்பொறி, 1 விழுக்காடு ஏற்றம் வைத்து. நீண்ட ஓட்டம் என்றால் இரண்டாகப் பிரித்துக் காலை ஒன்று, மாலை ஒன்று. அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் போனால் மாரத்தான் போகாது. தவறிய கிலோமீட்டரை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடுவதுதான் முழங்காலைக் கெடுக்கும்.

வேலையிடத்திலும் சுவாசக் கவசம் போடுகிறவராக இருந்தால் (கப்பல் பட்டறை, மருத்துவமனை, ரசாயனம்) இந்தத் தாடித் திட்டமே வேண்டாம். மீசை மட்டும் வைத்து, அதுவும் கவச விளிம்புக்குள் அடங்கினால் சரி.

கணக்கு_அக்கா

முகாமுக்குத் தாடியோடு போக முடியாது, மழித்துத்தான் ஆக வேண்டும். அழைப்பு உறுதியானால் மறைக்காமல் பக்கத்திலேயே எழுதுங்கள்: “முகாமுக்காக எடுத்தாயிற்று, மறுபடி முதலிலிருந்து.” இரண்டாவது சுற்று என்று இன்னொரு முறை கேட்கக் காரணமும் கிடைத்தது. முகாம் முடிந்த அன்றே வளர்க்கத் தொடங்கினால் நவம்பர் தொடக்கத்துக்குள் பெரும்பாலான அரிப்பு போய்விடும்.

அம்மாவுக்கு: தீபாவளிக்கு முதல் நாள் கழுத்தும் கன்னமும் கோடு போட்ட மாதிரி செதுக்கி, எண்ணெய்க் குளியலின் எண்ணெய் தாடியில் தங்காமல் இரண்டு தடவை ஷாம்பு. செதுக்கிய தாடி வேறு, சாமியார் தாடி வேறு. பெரும்பாலான அம்மாக்கள் இரண்டாவதைத்தான் எதிர்க்கிறார்கள். முதல் நன்கொடையை அம்மா பெயரில் போட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

தேக்கா_கத்தரி

எடுக்கும் நாளைப் பற்றி. முடிவுக் கோட்டிலேயே கேமரா முன் ரேசரால் மழிக்கப் போவதாக யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மணி நேரம் உப்பில் ஊறி உரசிய தோல். பிளேடு பட்டால் எரியும், கட்டியும் கிளம்பும். அங்கே மின்கலத்தில் ஓடும் ட்ரிம்மரால் முன்பக்கத்தில் ஒரு கோடு மட்டும் எடுங்கள், படத்துக்கு அது போதும். ட்ரிம்மரை முந்திய இரவே முழுக்க மின்னேற்றி, யார் பையில் இருக்கும் என்று பேசி வையுங்கள்.

மிச்சத்தை மறுநாள் குளித்த பிறகு. முதலில் ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டருக்கு இறக்கி, வெந்நீர்த் துண்டு மூன்று நிமிடம், நுரை இரண்டு நிமிடம், பிறகுதான் பிளேடு, முடி சாய்கிற திசையில் ஒரே ஒரு முறை. எதிர்த்திசையில் இரண்டாம் முறை வேண்டாம். தேக்காவில் (லிட்டில் இந்தியா) எந்த முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தாலும் புது பிளேடைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். தாடி மூடியிருந்த இடம் வெளுத்து, நெற்றி கறுத்து, முகம் இரண்டு நிறமாகத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும், களிம்பு எதுவும் வாங்க வேண்டாம்.